பனிக்காட்டில் துருப்பு சொன்ன மைனி

"இது பனியே இல்ல. மழைதான். கொஞ்சம் வெள்ளையா பெய்யுது, அவ்வளவுதான்" என்றார் சாமுவேல்.

சாமுவேல் என் கணவர். அவர் இதைச் சொன்னபோது எங்கள் மினிவேனின் வைப்பர்கள் இரண்டும் பஞ்சுமூட்டையைத் தள்ளுவதுபோலத் திணறிக்கொண்டிருந்தன. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்குகள் முதலில் மங்கின. பிறகு இரண்டும் ஒன்றாயின. பிறகு லாரியே இல்லை.

"டாட், திஸ் இஸ் லிட்டரலி அ ப்ளிஸர்ட்" என்றாள் ரூத். எங்கள் மகள், பதினைந்து வயது. தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வெளியே வரும்.

அவளுக்குப் பக்கத்தில் மடியில் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்தபடி கிரேஸ் மைனி. சாமுவேலின் அக்கா. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். சுங்குடிச் சேலைக்கு மேல் தம்பியின் நீல ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். காரின் ஹீட்டர் சூட்டில் எலுமிச்சைச் சாதமும் தலைவலித் தைலமும் கலந்து மணத்தன.

"சாமு, ரோடு எங்கல?" என்றார் மைனி.

"இங்கதான் இருக்குக்கா. கீழ."

நவம்பர் கடைசி. தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. முந்தின நாள் வரை டெக்ஸஸில் எங்கள் ஊரான ஆலனில் அரைக்கைச் சட்டையோடு திரிந்துகொண்டிருந்தோம். அன்று காலையில் கிளம்பி, அமரில்லோவைத் தாண்டி, நியூ மெக்ஸிகோ எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். சாண்டா ஃபேயில் நான்கு நாள் தங்குவதாக ஏற்பாடு. இந்தத் தொடருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: என் கணவர் முடிவெட்டிக்கொள்வதைக்கூட எக்ஸல் ஷீட்டில் ஏற்றிய பிறகுதான் செய்வார். அந்தப் பயணத்துக்கு ஏழு ஷீட். ஏழிலும் பனி இல்லை.

பனி இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பயணத்தில் எதுவுமே தப்பாகப் போகக்கூடாது என்று அவர் முடிவு செய்திருந்தார். ஏனென்றால் மைனியும் நானும் நேருக்குநேர் பேசி அப்போது பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

சீட்டாடுகிற பெண்

நான் தூத்துக்குடி. ஆர்.சி. சாமுவேல் பாளையங்கோட்டை. சி.எஸ்.ஐ. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே வேதம். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும், நடுவில் ஒரு மதில் இருப்பதும், இரண்டு பக்கமும் ஆள் நின்று எட்டிப் பார்ப்பதும்.

காதல்தான். சென்னையில் ஒரே அலுவலகம். இரண்டு வீட்டிலும் ஒரு மழைக்காலம் முழுக்க மாறிமாறி அழுகை. கடைசியில் இறங்கி வந்தார்கள். கிரேஸ் மைனி மட்டும், "பொண்ண ஒரு தடவ நானே பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, சொல்லாத ஒரு நாளில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கினார்.

அன்று எங்கள் வீட்டில் ஏதோ விருந்து. விருந்து முடிந்தால் எங்கள் அப்பாவுக்கு மாடியில் இருபத்தெட்டு ஆடியாக வேண்டும். தெரியாதவர்களுக்கு: நான்கு பேர் ஆடுகிற சீட்டாட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு கட்சி. ஏலத்தில் அதிகம் கேட்கிறவர் துருப்பு வைப்பார்; மற்ற எல்லா இனத்தையும் வெட்டுகிற இனம் அது. அன்று அப்பாவுக்கு நான் ஜோடி. சித்தப்பாவின் ஜாக்கியைத் துருப்பால் வெட்டிவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் கூச்சல் போட்டேன். அப்பா, "சபாஷ் மக்கா!" என்று தொடையில் தட்டினார்.

படிக்கட்டின் மேற்படியில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. கையில் குடை.

"என் தம்பிக்கு சீட்டாடுற பொண்ணு வேண்டாம்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போனார்.

கல்யாணம் நடந்தது. மைனி வரவில்லை. அதன்பிறகு நாங்கள் டெக்ஸஸ் வந்து, இர்விங்கில் ஒற்றைப் படுக்கையறை அப்பார்ட்மெண்டில் குடியேறி, ரூத் பிறந்து, ஆலனில் வீடு வாங்கியது வரை எல்லாவற்றையும் தம்பியிடம் போனில் கேட்டுக்கொண்டார். நான் போனை எடுத்தால் லைன் கட்டாகிவிடும்.

பணி ஓய்வுக்குப் பிறகு தம்பி கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டு, ஒருவழியாக வந்தார். வந்த இரண்டு வாரத்தில் என் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "ரூத்தம்மாட்ட காப்பி கேளு" என்பார், நான் எதிரில் நிற்கும்போதே. நானும் சளைத்தவள் இல்லை. "ரூத், அத்தைகிட்ட சீனி போதுமான்னு கேளு" என்பேன். ரூத் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐ ஆம் நாட் யுவர் ரவுட்டர், கைஸ்."

அக்கா வருவதற்கு முந்தின நாள் சாமுவேல் என்னிடம் வந்து, "மேரி, ஒரு சின்ன ரிக்வெஸ்ட்" என்று இழுத்தார். காரின் கண்ணாடியில் நான் மாட்டியிருந்த ஜெபமாலையை அக்கா ஊருக்குத் திரும்புகிறவரை எடுத்து வைக்க வேண்டுமாம். சி.எஸ்.ஐ.க்காரர்களுக்கு ஜெபமாலையும் மாதாவும் ஆகாது. "அக்கா மனசு நோகக்கூடாது, அதான்."

எடுத்து டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டேன். கொஞ்சம் வேகமாகத்தான் போட்டேன்.

பள்ளம்

பனிக்கு வருகிறேன்.

நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள் என்று ரூத்தின் போன் சொன்னது. சாமுவேல் நம்பவில்லை. அடுத்த வளைவில் நீலமும் சிவப்புமாக போலீஸ் விளக்குகள் சுழல, தொப்பிக்கு மேல் அரையடிப் பனியோடு ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் நின்று, எல்லா வண்டிகளையும் பக்கத்து எக்ஸிட்டில் இறங்கச் சொல்லிக் கைகாட்டினார். அப்போது நம்பினார்.

இறக்கத்தில் பிரேக் போட்டார். வண்டி நிற்கவில்லை. திரும்பியது. மெதுவாக, அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு சுற்றுவதுபோல ஒரு முழுச் சுற்று. கூச்சல் போடக்கூட நேரம் இருந்தது. யாரும் போடவில்லை. பிறகு பின்பக்கமாக ஒரு பள்ளத்தில் இறங்கி, 'பொத்'தென்று உட்கார்ந்தது.

அடி யாருக்கும் இல்லை. எலுமிச்சைச் சாத டப்பா மட்டும் திறந்து ரூத்தின் தலையில் மஞ்சளாகக் கொட்டியிருந்தது.

வெளியே காற்று ஊளையிட்டது. போனில் சிக்னல் போய்விட்டது. கண்ணாடிகளில் வெள்ளை ஏறிக்கொண்டே வந்தது. சாமுவேல் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். இப்படி வண்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிச் செய்தியில் பார்த்த எல்லாம் அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. பின்சீட்டுப் பக்கம் திரும்பி, மகளின் தலையிலிருந்து ஒவ்வொரு பருக்கையாக எடுத்துக்கொண்டே இருந்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"ரூத்து, உங்கம்மா அந்த மாலைய எங்க வச்சிருக்கான்னு கேளு" என்றார் மைனி.

நானும் சாமுவேலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எ... எந்த மாலைக்கா?" என்றார் அவர்.

"நடிக்காதல. கண்ணாடியில மாட்டுன தடம் அப்படியே கெடக்கு. எடுத்து மாட்டச் சொல்லு. இந்த நேரத்துல எது கேக்கும், எது கேக்காதுன்னு யாருக்குத் தெரியும்?"

மாட்டினேன்.

அது கேட்டதா என்று நான் சொல்லமாட்டேன். கால்மணி நேரத்தில் ஒரு பழைய பிக்கப் டிரக் வந்து நின்றது என்பதை மட்டும் சொல்கிறேன். அதிலிருந்து எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு கிழவர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். பெயர் ஹேங்க். மாட்டுப் பண்ணைக்காரர். மீசையில் பனி உறைந்து, பேசும்போது சின்னச் சின்னதாக உடைந்து விழுந்தது. ஒரு சங்கிலியைக் கட்டி, எங்கள் வண்டியைச் செல்லப்பிராணி மாதிரி இழுத்துக்கொண்டு போனார்.

"இந்த டயரோடு எங்கே கிளம்பினீர்கள்?" என்று கேட்டார்.

சாமுவேல் சாண்டா ஃபே என்றார்.

ஹேங்க் கொஞ்சம் யோசித்து, "நல்ல ஊர்" என்றார். டயரை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். சாமுவேலுக்கு அதுதான் ரொம்ப வலித்தது.

கட்டை பாவமில்லை

சாலையில் சிக்கியவர்களுக்காக அந்தச் சிற்றூரின் பாப்டிஸ்ட் சபை தன் கூடத்தைத் திறந்துவிட்டிருந்தது. ஊர்ப்பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

உள்ளே ஒரு டஜன் பேர். லாரி டிரைவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, கல்லூரிப் பையன்கள். நீள மேஜைகள், மடக்கு நாற்காலிகள், பெரிய பாத்திரத்தில் பீன்ஸும் இறைச்சியும் கொதிக்கும் வாசனை. ஹேங்க்கின் மனைவி டோரிஸ்தான் அங்கே எல்லாம். குட்டையான பெண்மணி. மைனியின் ஜாக்கெட்டுக்குக் கீழே தொங்கிய ஈரச் சேலையைப் பார்த்ததும், எதுவும் கேட்காமல் ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, கையில் ஒரு கப் சூப்பைக் கொடுத்தார்.

டோரிஸ் பேசிமுடித்ததும் மைனி ரூத்திடம் குனிந்து, "இவ்வோ பேசுறது இங்கிலீஷா?" என்றார். முப்பத்தைந்து வருடம் ஆங்கிலத்தில் ஸ்கூல் ரிப்போர்ட் எழுதியவர். டெக்ஸஸ் இழுவை அவரையே அசைத்துவிட்டது.

மூன்று மணி வாக்கில் ஹேங்க் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். டாமினோக் கட்டைகள். தந்த நிறம், கறுப்புப் புள்ளிகள். கவிழ்ந்த சத்தம் நன்றாக இருந்தது. நாற்பத்திரண்டு என்று ஒரு ஆட்டம், டெக்ஸஸில் பாட்டன் காலத்திலிருந்து ஆடுவது என்றார். எதிர்க்கட்சிக்கு இரண்டு பேர் வேண்டும்.

"கார்ட்ஸ் ஆடமாட்டீர்களா?" என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

டோரிஸ் குரலைத் தாழ்த்தினார். அவர்கள் பெரியவர்கள் காலத்தில் சீட்டைத் தொடுவதே பாவமாம். அதனால் சீட்டில் ஆடுகிற அத்தனையையும் கட்டையில் ஆடக் கண்டுபிடித்துக்கொண்டார்களாம். "கடவுளுக்குக் கட்டையைப் பற்றி எந்த ஆட்சேபணையும் இல்லை" என்று கண்ணடித்தார்.

மைனி சூப்பைக் கீழே வைத்தார்.

டோரிஸ் ஆட்டத்தை விளக்க ஆரம்பித்தார். ஆளுக்கு ஏழு கட்டை. எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. ஏலம் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் ஒரு எண்ணைச் சொல்லலாம். அந்த எண் உள்ள கட்டை மற்ற எல்லாக் கட்டைகளையும்...

"துருப்பு" என்றார் மைனி மெல்ல. "வெட்டலாம்லா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது வருடமாக நான் காத்திருந்த ஒரு நிமிடம் உண்டென்றால் அது அதுதான். ரூத்தை நடுவில் இழுக்காமல் நேராகவே கேட்டேன்.

"மைனி, துருப்புன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவரும் நேராகவே பதில் சொன்னார். "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க பேசும்லா. காதுல விழும்."

"காதுல விழுந்ததுக்கே வெட்டத் தெரியுதா?"

"சீட்டுதான் பாவம். இது கட்டை" என்றார். தம்பியின் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினார். என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

ஆண்டவரே, ரெட்டை அஞ்சு

இந்த ஆட்டத்தில் ஜோடிகள் தங்களுக்குள் பேசக்கூடாது. டோரிஸ் அதை இரண்டு முறை சொன்னார். பேசாமல் இருப்பதில் எங்களுக்குப் பத்தொன்பது வருட அனுபவம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மைனி கட்டைகளை நிறுத்தி வைத்த விதமே சொன்னது. காதில் விழுந்த வித்தை இல்லை அது. கீழே விழுந்த ஒவ்வொரு கட்டையும் அவர் தலைக்குள் பதிவாகிக்கொண்டிருந்தது. நான் ஒன்றைத் தப்பாகப் போட்டால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை வரும். பத்தாம் வகுப்பில் தோற்ற மாதிரி இருக்கும்.

இருந்தும் தோற்றுக்கொண்டிருந்தோம். ஹேங்க்கும் டோரிஸும் அரை நூற்றாண்டாக ஜோடி. ஒவ்வொரு கை முடிந்ததும் ஜெயித்த பக்கத்துக்கு டோரிஸ் பென்சிலால் ஒரு கோடு போடுவார். கோடுகள் சேர்ந்து ஆங்கிலத்தில் ALL என்ற சொல் ஆகும். ஏழு கோடு. முதலில் முடிப்பவருக்கு வெற்றி. அவர்களுக்கு ஆறு கோடு ஆகிவிட்டது. எங்களுக்கு மூன்று.

நடுவில் மைனி கைப்பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து டோரிஸிடம் நீட்டினார். பெட்டியின் மேல் தூத்துக்குடிக் கடையின் பெயர். மக்ரூன். எங்கள் ஊர்ப் பண்டம். வந்த அன்றைக்கு ஆளுக்கு ஆள் அல்வா கொடுத்தவர், இதை இரண்டு வாரமாக வெளியே எடுக்கவேயில்லை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு தூத்துக்குடி வரை போய் வாங்கியிருக்கிறார்.

"இது யாருக்கு வாங்குனது மைனி?"

"ஆட்டத்தப் பாரு" என்றார்.

அடுத்த கைக்கு என்னிடம் ஐந்து எண் உள்ள கட்டைகள் நான்கு வந்தன. கேட்கலாம். ஆனால் ஐந்துகளிலேயே பெரியதான இரட்டை ஐந்து என்னிடம் இல்லை. அது ஹேங்க்கிடம் இருந்தால் கதை முடிந்தது. நான் தயங்கித் தயங்கி, விட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

மைனி கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். தலை குனிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கேட்கும் அதே உருக்கமான குரலில், தெளிவான தமிழில் தொடங்கினார்.

"கிருபையுள்ள ஆண்டவரே, ரெட்டை அஞ்சு அடியாள் கையிலதான் இருக்கு. எதிர்த்தாப்ல இருக்குத உம்முடைய பிள்ளை பயப்படாம கேக்கும்படி கிருபை செய்யும். அவளுக்குப் புத்தியக் கொடும். ஆமென்."

ஹேங்க் தொப்பியைக் கழற்றினார். டோரிஸ் தலையைத் தாழ்த்தி, "ஆமென்" என்றார்.

பக்கத்து மேஜையிலிருந்த ரூத் குடித்துக்கொண்டிருந்த சாக்லேட் பாலை மூக்கு வழியாக வெளியே விட்டாள்.

நான் கேட்டேன். ஜெயித்தோம். அடுத்த கையில் ஆண்டவருக்கு மைனியிடம் நாலு எண் கட்டை மூன்று இருப்பது தெரிவிக்கப்பட்டது. அதற்கடுத்த கையில் நானே எழுந்து நின்று, லூர்து மாதாவிடம் என் கட்டைகளைப் பற்றி விரிவாக முறையிட்டேன். மாதாவின் பெயரைக் கேட்டு மைனியின் புருவம் ஒருகணம் ஏறியது. விவரத்தைக் கேட்டுக்கொண்டபின் இறங்கிவிட்டது.

ஏழாவது கோட்டை டோரிஸ் எங்கள் பக்கம் போட்டபோது ஜன்னலுக்கு வெளியே மங்கத் தொடங்கியிருந்தது. "இவ்வளவு பக்தியான பெண்களோடு நான் ஆடியதே இல்லை" என்றார் அவர்.

மைனி எழுந்து வந்து என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "ஏட்டி மேரி, கடைசிக் கட்டைய நல்லாப் போட்ட" என்றார்.

என் பெயர் அவர் வாயில் எப்படி ஒலிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

டீ

காலையில் கண் விழித்தபோது காற்று நின்றிருந்தது. கூடத்தில் கடன் வாங்கிய கம்பளிகளுக்குள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் விளக்கு எரிந்தது.

மைனி டீ போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் கேட்காமலே இன்னொரு கப்பில் ஊற்றினார். ஜன்னலுக்கு வெளியே டிரக்குகள், வேலிகள், தபால்பெட்டிகள் எல்லாமே வெள்ளையில் மூழ்கிக் கிடந்தன.

நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியாது. "மைனி, நேத்து ஜெபம் சூப்பர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இதையும் சொல்லிக்குடுத்துதா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"டீச்சர் ட்ரெய்னிங் படிச்சப்ப ஹாஸ்டல்ல ஆடுவோம். இருபத்தெட்டு. நாலு பேரு" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. "ஞாயித்துக்கிழமை மத்தியானம், காவல் இல்லாத நேரம் பாத்து. ரோஸ்லின்னு ஒருத்தி எனக்கு ஜோடி. ஒரு நாள் வார்டன் வந்துட்டா. சீட்டெல்லாம் ரோஸ்லின் மடியில கெடக்கு. யாரோட கட்டுன்னு கேட்டா."

"யாரோடது?"

"என்னோடது. ஊர்லேந்து ட்ரங்குப் பெட்டியில, பைபிளுக்கு அடியில வச்சு நான்தான் கொண்டுட்டுப் போனேன்." ஒரு மிடறு குடித்தார். "எங்க அப்பா சபையில உபதேசியாரு. தெரிஞ்சா கைய ஒடிச்சிருவாரு. ரோஸ்லினோடதுன்னு சொல்லிட்டேன். அன்னைக்கே அவளப் பெட்டியக் கெட்டச் சொல்லிட்டாங்க."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்னையப் பாத்தா. அவ்வளவுதான்."

அவர் டீச்சரானார், தலைமையாசிரியையானார். ரோஸ்லின் என்ன ஆனார் என்று தெரியாதாம். தேடிப் பார்க்கவும் பயமாம்.

"உங்க வீட்டு மாடியேறி வந்தேன்லா. நீ வெட்டிட்டுச் சிரிக்க. உங்க அப்பா சபாஷ்ங்காரு. எனக்கு வயிறு எரிஞ்சிட்டு, கேட்டியா. அப்பனும் மகளும் வெளிச்சத்துல உக்காந்து ஆடுதாங்களே, எனக்கு மட்டும் ஏன் அப்படின்னு."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம். கப்பை ஸிங்கில் கொஞ்சம் பலமாகவே வைத்தேன். "பத்தொன்பது வருஷம் மைனி."

"தெரியும். நான் கணக்கு டீச்சர்."

"அப்பா செத்ததுக்குக்கூட நீங்க வரல."

"வந்தேன். உங்க கோயில் வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வரதுக்குக் கால் வரல. வேப்பமரத்தடியில நின்னுட்டு, பெட்டிய வண்டியில ஏத்துனதும் போய்ட்டேன்."

அந்த மரம் எனக்குத் தெரியும். அன்றைக்கு அங்கே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

நான் கப்பை மறுபடி எடுத்து நீட்டினேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். சீனி தூக்கலாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

ஒப்புக்கொள்ளுதல்

பத்து மணிக்கு மேல் பனி அள்ளும் வண்டிகளின் சத்தம் கேட்டது. நெடுஞ்சாலை திறந்துவிட்டது. சாமுவேல் ஏற்கெனவே புது ஷீட் போட்டுவிட்டார். மூன்று மணிக்குள் சாண்டா ஃபே போய்விட்டால் எந்த அருங்காட்சியகத்தை விட்டுவிடலாம், எதைச் சேர்க்கலாம் என்று மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. வெளியே போய் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை ஓடவிட்டு, கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ரூத் போய் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் இருவரும் விடைபெறப் போனோம். டோரிஸ் என்னைக் கட்டிக்கொண்டார். மைனியையும் கட்டிக்கொள்ள வந்தார். மைனி ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"மேரி, இவ்வோட்ட சொல்லு. நேத்து நாங்க கள்ள ஆட்டம் ஆடுனோம்னு சொல்லு."

"மைனி!"

"சொல்லுட்டி."

நான் டோரிஸைப் பார்த்துச் சிரித்து, ஆங்கிலத்தில் சொன்னேன்: "நீங்கள் காட்டிய அன்பை வாழ்நாளில் மறக்கமாட்டோம் என்கிறார்."

"ஐ டிட் நாட் ஸே தட்" என்றார் மைனி.

கூடத்திலிருந்த இரண்டு லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைனி சேலையின் முந்தானையைச் சரிசெய்தார். அசெம்பிளியில் பேசும் குரலில், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்தி, ஆங்கிலத்திலேயே சொன்னார்.

"மேடம், ஸார். நேற்று நான் ஜெபம் செய்யவில்லை. என் கையில் என்ன கட்டை இருக்கிறது என்று இவளுக்கு எங்கள் பாஷையில் சொன்னேன். நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். நான் பொய் சொன்னேன். இவள் மேல் தப்பில்லை. ஆரம்பித்தது நான்தான்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. லூர்து மாதாவை இழுத்தது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். மைனி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அவர் கை சில்லென்று இருந்தது. ஆயிரம் பிள்ளைகளை முட்டி போட வைத்த அம்மாள், ஒரு மாட்டுப் பண்ணைக்காரரின் முன்னால் தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

ஹேங்க் டோரிஸைப் பார்த்தார். டோரிஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா, அதிர்ச்சியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஹேங்க் மெதுவாகப் போய், அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்துவந்து, மேஜையில் கவிழ்த்தார்.

"அப்படியானால் அந்த ஏழு கோடும் செல்லாது" என்றார். "உட்காருங்கள்."

மைனி அவரைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். வெளியே தம்பி எங்கள் பைகளை வரிசையாகப் பின்னால் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஜெபம் கிடையாது" என்றார் டோரிஸ் விரலை ஆட்டி.

"நோ ப்ரேயர்" என்றார் மைனி. தம்பியின் ஜாக்கெட்டைக் கழற்றினார்.

நான் எதிரே உட்கார்ந்தேன். ஹேங்க் கட்டைகளைக் கலைத்தார். ஆளுக்கு ஏழாக எடுத்து நிறுத்திக்கொண்டோம். மைனி ஏலத்தில் முப்பத்தொன்று கேட்டார்.

கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வந்தது. சாமுவேல். பூட்ஸில் பனி, கையில் போன், போனில் ஷீட்.

"அக்கா, வண்டி ரெடி. இப்ப கிளம்புனாதான்..."

மைனி நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டை ஒன்றைத் தூக்கி, யோசித்து, மறுபடி வைத்தார்.

"வண்டிய அணைச்சுட்டு வால" என்றார். "ரூத்தையும் கூட்டிட்டு வா. எங்களுக்கு நேரமாகும்."